பிக்கப் வண்டியின் குளிர்சாதனம் கெட்டது சாம்பிராணிப் புகையாலா என்று சோதித்து எழுத்தில் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஹுவைஷில் பின் ஸுஹைல் அல்-ஜுனைபி,
பொறுப்பாளர், தண்ணீர் நிரப்பு நிலையம்,
உம்மு ரிம்த் குடியிருப்பு,
ஆதம் வட்டம், ஓமன்.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம்,
நிஸ்வா.

பொருள்: உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் குளிர்சாதனம் சரியாகக் குளிராதது – பணிமனை எழுதிக் கொடுத்த காரணம் தவறானது என்பது – நடுப்பகலில் மறுசோதனை செய்து முத்திரையிட்ட அறிக்கை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்.

1. நான் மேற்கண்ட முகவரியில் பத்தொன்பது ஆண்டுகளாக அரசுத் தண்ணீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவன். ஆறாம் வகுப்பு வரை படித்தவன். இந்த மனுவை முதலில் கடைத்தெருவில் தட்டச்சு செய்து கொடுப்பவரிடம்தான் கொண்டுபோனேன். மனு என்றால் ஒரே பக்கம்தான், என்ன பழுது, எந்தத் தேதி, என்ன வேண்டும் என்பது போதும் என்று அவர் அழகாக அடித்துக் கொடுத்தார். வாங்கிப் படித்துப் பார்த்தேன். அதில் என் மகள் இல்லை. ஆகையால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு என் கையாலேயே எழுதுகிறேன். நீளத்தையும் பிழைகளையும் பொறுத்தருள வேண்டும்.

2. வண்டி வெள்ளை நிறம், முன்னால் ஒரே வரிசை இருக்கை கொண்ட பிக்கப். 2022 பிப்ரவரியில் புதிதாக வாங்கியது. மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. விற்ற நிறுவனத்தின் பெயர், பணிமனையின் முகவரி, சேசிஸ் எண் யாவும் தனித்தாளில் இணைத்துள்ளேன். பதினான்கு ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் குதிரைமசால் தீவனக் கட்டுகளும் ஏற்றுவதற்கு என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதை வாங்கியது என் மகள் நழீராவை மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கு.

3. நழீரா என் ஒரே மகள். வயது பத்தொன்பது. அவளுக்குப் பிறவியிலேயே அரிவாளணு இரத்தசோகை. வெக்கையும் உடம்பில் நீர் வற்றுவதும் அந்த நோய் உள்ளவர்களுக்கு விஷம். நீர் வற்றினால் இரத்தம் குழாய்களில் அடைத்துக்கொள்ளும், எலும்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல் வலிக்கும். அவள் சிறுமியாக இருந்தபோது மருத்துவர் எங்களுக்குச் சொன்னது இரண்டே விஷயம்: தண்ணீர் குடிக்க வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். இரண்டையும் செய்து அவளைப் பன்னிரண்டாம் வகுப்பு தேற வைத்தோம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. தன் இரத்தத்தைத் தானே பூதக்கண்ணாடியில் பார்த்து நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பாள்.

4. எங்கள் குடியிருப்பிலிருந்து தார்ச்சாலைக்கு நாற்பத்தொரு கிலோமீட்டர் கல்பாதை. அதன்பின் மருத்துவமனைக்கு நூற்றிருபது கிலோமீட்டர். வண்டி வாங்கிய முதல் கோடையிலேயே குறை தெரிந்துவிட்டது. காலையில் புறப்பட்டால் அரை மணி நேரம் நன்றாகக் குளிரும். எஞ்சின் சூடேறிய பிறகு வெறும் காற்று. கல்பாதையில் மெதுவாக உருட்டும்போது அந்தக் காற்றும் சுடும். "வாப்பா, இது ஏசி இல்ல. உள்ள ஒரு ஒட்டகம் உக்காந்து மூச்சு விடுது" என்பாள் நழீரா. நாங்கள் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

5. 2022 ஆகஸ்டிலும் 2023 மே மாதத்திலும் இரண்டு முறை பணிமனைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, அதைத் தாங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். முந்தின நாள் மாலையே வண்டியை ஒப்படைத்துவிட வேண்டும். இரவெல்லாம் அது அங்கேயே நிற்கும். மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கூரை நிழலில் வைத்து, ஆறிக் கிடக்கும் எஞ்சினைக் கிளப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு வெப்பமானியை வைப்பார்கள். ஒன்பது டிகிரி காட்டும். நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நடுப்பகலில், வெயிலில், ஓடி வந்த வண்டியைச் சோதியுங்கள் என்று இரண்டு முறையும் கேட்டேன். பன்னிரண்டு மணிக்கு மேல் அந்தப் பிரிவில் ஆள் இல்லை என்றார்கள். வெயிலில் என் மகள் உட்காருவாள், அவர்களுடைய வெப்பமானி உட்காராது.

கடைசி வாக்கியம் மனுவில் இருக்கத் தகாதது. ஆனாலும் அதை அடித்து நீக்கவில்லை.

6. என் மனைவி ரய்யாவைப் பற்றி இங்கே எழுத வேண்டியிருக்கிறது. எங்களில் நோயாளியைச் சாம்பிராணி போடாத வண்டியில் ஏற்ற மாட்டார்கள். மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் ரய்யா விடியலிலேயே எழுந்து, தணலில் நல்ல சாம்பிராணியாகப் பார்த்துப் போட்டு, தூபக்காலை வண்டிக்குள் வைப்பாள். கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைச் சாத்தி, உள்காற்று உள்ளேயே சுற்றும்படி விசிறியைப் போட்டுவிடுவாள். கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து, ஓதி ஊதி, மகளை ஏற்றுவாள். இதை அவள் ஒருத்தி மட்டும் செய்யவில்லை. தங்கள் வண்டியிலும் அந்த வாசம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

7. 2023 ஜூன் 11 அன்று மூன்றாம் முறையாகப் பணிமனைக்குப் போனேன். அன்று காற்று வடிகட்டியைக் கழற்றினார்கள். அது கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டியது. மேற்பார்வையாளர் அதை வெளியே கொண்டுவந்து, முன்னறையில் காத்திருந்த ஏழெட்டுப் பேர் நடுவில் தூக்கிக் காட்டினார். "என்ன ஹாஜி, ஊருக்கே சேர்த்து இதுக்குள்ளதான் புகை போட்டீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் தூபக்கால் இருக்கும். இருந்தும் சிரித்தார்கள்.

8. புதிய வடிகட்டி போட்டார்கள். இனி குளிருமா என்று கேட்டேன். பிசின் வடிகட்டியைத் தாண்டி உள்ளே குளிர்க்குழாய் வரைக்கும் போயிருக்கும், முன்பலகை முழுவதையும் பிரித்தால்தான் தெரியும், அது உத்தரவாதத்தில் வராது, செப்டம்பர் வரை அதற்கு நேரமும் இல்லை என்றார்கள். பிறகு ஒரு தாள் தந்தார்கள். அதில் உள்ளது இதுதான்: "காரணம்: தூபப் புகையின் பிசின் படிவு. பயன்படுத்தியவரின் தவறு. உத்தரவாதம் பொருந்தாது." கீழே கையொப்பம், நீல முத்திரை. அசல் இணைக்கப்பட்டுள்ளது. உள்ளே பிரித்துப் பார்க்காமலேயே அந்தக் காரணத்தை எழுதினார்கள் என்பதைக் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

9. இனி நான் எழுதப்போவது என் தவறு. அதையும் எழுதாவிட்டால் இது பாதி மனுதான்.

அந்தத் தாளை நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கலாம். முன்னறையில் பட்ட அவமானமும், புதிய வடிகட்டி போட்டும் குறையாத வெக்கையும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரும் என்னோடு வந்தன. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ரய்யாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு எழுத்து தெரியாது. நின்றபடியே சத்தமாக வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்துவிட்டு, "உன் புகைதான் வண்டியக் கொன்னுருக்கு. போதுமா?" என்று கேட்டேன். நழீரா என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் படித்தாள். இதெல்லாம் வேலை செய்யாமலிருக்கச் சொல்லும் சாக்கு, வடிகட்டி புதிதாகப் போட்டும் குளிரவில்லையே, அப்புறம் உம்மாவை ஏன் சொல்கிறீர்கள் என்று என்னிடம் சண்டை பிடித்தாள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு உறைத்தது எனக்கு உறைக்கவில்லை. ரய்யா தூபக்காலை எடுத்துக்கொண்டுபோய்த் தீவனக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் வண்டியிலும் சாம்பிராணி இல்லை. ஐந்து வாரம் புதிய வடிகட்டியோடும் புகை இல்லாமலும் ஓடிய வண்டி முன்புபோலவே சுட்டது.

10. ஜூலை 17 காலை பதினொரு மணியளவில் நழீராவுக்கு நெஞ்சிலும் முதுகிலும் வலி தொடங்கியது. பேரீச்சை அறுவடைக்காக ஊரே தோட்டங்களுக்குப் போயிருந்ததால் குடியிருப்பில் வேறு வண்டி இல்லை. ஆம்புலன்ஸ் வந்து திரும்பும் நேரத்துக்குள் நாமே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நான்தான் முடிவெடுத்தேன். நடுவில் நழீரா, கதவோரம் ரய்யா. கல்பாதையில் வேகமாகப் போனால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முனகினாள், மெதுவாகப் போனால் காற்று கொதித்தது. சன்னலைத் திறந்தோம். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி அனல், அவள் முகத்தில் அடித்தது. மூடிவிடச் சொன்னாள். ரய்யா தன் முக்காட்டைத் தண்ணீரில் நனைத்து அவள் மேல் போட்டாள், அது காயக் காய மறுபடி நனைத்தாள். வாயில் ஊற்றிய தண்ணீர் வாந்தியாக வந்துவிட்டது. குளிர்சாதனத்தின் பொத்தானை நான் எத்தனை முறை அணைத்து அணைத்துப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. தார்ச்சாலை ஏறியபோது மணி ஒன்று. அதற்குள் அவள் பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. அவள் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தை தன் தாயிடம் சொன்னது: "உம்மா, நீங்க அழாதீங்க. வேர்வைல உப்புக் கரிக்குது, இதுல அழுக வேறயா?"

11. மருத்துவமனையில் இருந்தவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். அவர்கள் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் என் மகள் இறந்துபோனாள். வழியில் இந்த வெக்கை இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரய்யா மருத்துவரிடம் கேட்டாள். எங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும் என்று அந்த நல்ல மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார். தாள் வாசித்த என் குரலும் மருத்துவர் சொன்ன பதிலும் ரய்யாவின் மனத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

12. ஐயா, மகள் போய்விட்டாள். மனு கொடுத்து அவளைத் திரும்பக் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் மனு கொடுப்பது உயிரோடு இருப்பவளுக்காக. ரய்யா அழவில்லை. யாரையும் திட்டவில்லை. வீட்டுக்கு வரும் பெண்களை வழியனுப்பும்போது தூபம் காட்டுவது எங்கள் மரபு. அவள் வெறுங்கையோடு அனுப்புகிறாள். அவமதித்துவிட்டாள் என்று இரண்டு வீட்டார் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவள் காரணம் சொல்வதில்லை. வண்டி நிற்கும் பக்கமே போவதில்லை. சென்ற மாதம் ஒரு நாள் எனக்குச் சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நழீரா வாப்பா, என் கையாலதான் அவளுக்கு மூச்ச அடைச்சிருக்கேன். உங்க புள்ளையக் கொன்னவ உங்க வீட்ல இருக்கக் கூடாது. எனக்கு விடுதலை குடுத்துருங்க. தம்பி தோட்டத்துலேந்து வந்ததும் அவனோட போயிர்றேன்" என்றாள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவள் ஐயா. நான் தலாக் சொல்லி விடுதலை தரவில்லை. ஆனால் அவள் தன் துணிகளைக் கட்டி வைத்துவிட்டாள். அவள் தம்பி இம்மாத இறுதியில் வருகிறான்.

13. செப்டம்பர் 3 அன்று, அந்த வண்டியைப் பார்க்கப் பொறுக்காமல் விற்றுவிடலாம் என்று ஆதம் கடைத்தெருவுக்கு ஓட்டிப் போனேன். வாங்க வந்தவர் ஏசியைச் சரிசெய்து கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அங்கே தாத் கரீம் என்ற பலூச்சி மெக்கானிக் சாலையோரத்தில் கடை வைத்திருக்கிறார். ஒரு மணி வெயிலில், ஓடி வந்த சூட்டோடு அவர் வண்டியைப் பார்த்தார். காற்று வரும் துளையில் வெப்பமானி இருபத்தாறு காட்டியது. எஞ்சினிலிருந்து வண்டிக்குள் போகும் ஒரு ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். குளிர்காலத்தில் உள்ளே வெப்பம் தருவதற்காகச் சுடுதண்ணீர் போகும் குழாய் அது. ஒரு இரும்புக் கவ்வியால் அதை இறுக்கி அடைத்தார். ஐந்து நிமிடத்தில் வெப்பமானி எட்டுக்கு இறங்கியது.

"சுடுதண்ணி வால்வு மூடவே இல்ல அண்ணே. ஒரு பக்கம் குளிர் வருது, ஒரு பக்கம் கொதி வருது, ரெண்டும் கலந்து வெளிய ஊதுது. காலைல எஞ்சின் ஆறிக் கெடக்கும்போது பாத்தா என்ன தெரியும்?" என்றார்.

புகைப்பிசினைப் பற்றிக் கேட்டேன். விசிறியைக் கழற்றி, கையை உள்ளே விட்டு குளிர்க்குழாயைத் துடைத்துக் காட்டினார். விரலில் இலேசான பழுப்புக் கறை இருந்தது. இது எங்கள் ஊர் வண்டி எல்லாவற்றிலும் இருப்பதுதான், இதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்றார். வண்டிக்குள் உட்கார்ந்து பாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை மேல் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. ஒரு கவ்வி. ஐந்து நிமிட வேலை. நான் வாய்விட்டு அழுதேன். வெயில் தாங்கவில்லை போல என்று எண்ணி அந்த மனிதர் மோர் வாங்கி வந்து கொடுத்தார். வண்டியை விற்கவில்லை. ஓட்டி வந்து அன்று நிறுத்திய இடத்திலேயே, கவ்வியோடு அப்படியே வைத்திருக்கிறேன்.

14. வீட்டுக்கு வந்து ரய்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியில் வந்து உட்கார்ந்து பார் என்று கெஞ்சினேன். வர மறுத்துவிட்டாள். அவள் ஒன்றும் தெரியாதவள் அல்லள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு அவள் சொன்னது: "என்னத் தேத்துறதுக்காகச் சொல்றீங்க. அவங்க தாள்ல முத்திரை இருக்கு. தாத் கரீம் வாயில முத்திரை இருக்கா?"

அவளிடம் அந்த முத்திரையை வாசித்துக் காட்டியவன் நான். இப்போது என் சொல்லை அவள் நம்பவில்லை என்றால் அது அவள் குற்றம் ஆகாது.

15. ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

பணிமனையைச் சேராத ஒருவரைக் கொண்டு, நடுப்பகல் வெயிலில், குறைந்தது ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டிய பிறகு, கவ்வி இல்லாமலும் கவ்வியோடும் குளிர்சாதனத்தைச் சோதிக்க வேண்டும். குளிர்க்குழாயையும் திறந்து பார்க்க வேண்டும். காரணம் இன்னது என்றும், சாம்பிராணிப் புகை காரணம் அல்ல என்றால் அல்ல என்றும், தெளிவான எழுத்தில், அரசு முத்திரையோடு தர வேண்டும். அதில் என் மனைவியின் பெயரைக் குறிப்பிட்டு, அவள்மீது தவறில்லை என்று ஒரு வரி இருந்தால் பெரும் உதவி. முடிந்தால் தங்கள் அலுவலகப் பெண் ஊழியர் ஒருவர் நேரில் வந்து அதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். என் குரலில் அவள் இனி எந்தத் தாளையும் கேட்கக் கூடாது. அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் அண்டை வீட்டு வண்டியை ஏற்பாடு செய்துவிட்டேன். அதன் குளிர்சாதனம் நன்றாக இருக்கிறது.

16. நஷ்டஈடு கேட்கவில்லை. வேறு வண்டியும் கேட்கவில்லை. வடிகட்டியைத் தூக்கிக் காட்டிய மேற்பார்வையாளரை நான் மன்னிக்கவில்லை, ஆனால் அவருக்குத் தண்டனை வாங்கித் தருவதற்காக இந்த மனுவை எழுதவும் இல்லை. காலை ஏழரை மணிக்கு நிழலில் சோதிக்கும் வழக்கத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இந்த நாட்டில் வெயிலில் ஓடாத வண்டி எது? பணிமனையின் மூன்று தாள்களும், மருத்துவமனைச் சான்றும், தாத் கரீம் பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்த வாக்குமூலமும் இத்துடன் உள்ளன. ரய்யாவின் தம்பி வருவதற்கு முன் அறிக்கை கிடைக்கும்படி கருணை காட்டுங்கள். அதன்பின் வரும் அறிக்கை வெறும் வீட்டுக்குத்தான் வந்து சேரும்.

17. இன்னும் ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டே எழுதுகிறேன். நான் இயந்திரம் படித்தவன் அல்லன். தாத் கரீம் நல்லவர், ஆனால் அவரும் மனிதர்தான். தங்கள் சோதனையில், புகையும் ஒரு காரணம்தான் என்று தெரிய வந்தால், உண்மையை மறைக்கச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்கும் அளவுக்கு நான் தரம் கெட்டவன் அல்லன். உண்மையை எழுதுங்கள். ஆனால் அந்தத் தாளை என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். தண்ணீர் நிலைய முகவரிக்கு, என் பெயருக்கு மட்டும் அனுப்புங்கள். அதில் ரய்யாவின் பெயர் எங்கும் வர வேண்டாம். வண்டிக்குள் புகை போட்டது ஹுவைஷில் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே நான் போடுகிறேன்.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
ஹுவைஷில் பின் ஸுஹைல் அல்-ஜுனைபி,
நழீராவின் தந்தை.

இடம்: உம்மு ரிம்த்
நாள்: 09.10.2023